பெலன் கேட்டால் கிடைப்பவை

கர்த்தரிடம் பெலன் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். கேட்டது கிடைக்காதோ என்ற பயமில்லை, கிடைத்துவிடுமே என்ற பயம். நல்ல சேலை கேட்டால் அவர் யோசிப்பார். மழை கேட்டால் தள்ளிப் போடுவார். பெலன் கேட்டால் மட்டும் தட்டாமல் கொடுப்பார். ஆனால் தூக்குவதற்கு ஒரு மூட்டையையும் சேர்த்தே அனுப்புவார். மூட்டை முதலில் வரும். பெலன் பின்னால் வரும், சில சமயம் ரொம்பப் பின்னால்.

நான் எட்டாவது வரை கடற்கரைப் பக்கத்து மிஷன் போர்டிங்கில் படித்தேன். அங்கே இதை யாரும் சொல்லித்தரவில்லை. விசுவாசித்தால் எல்லாம் நன்றாக நடக்கும் என்றார்கள். பிறகு என்னைச் சீர்காழிக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்றவர், உழைப்பாளி, குடிக்க மாட்டார் என்று சொன்னார்கள். எல்லாமே உண்மை. அவர் சிவப்புக் கொடிச் சங்கத்துக்கு எங்கள் ஊரில் செயலாளர் என்பதையும், கடவுளோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். சின்ன விஷயம்தானே.

கல்யாணமான புதிதில் சோற்றுத் தட்டு முன்னால் நான் கண்ணை மூடியதும் அவர் கேட்டார்.

"என்ன பண்ற?"

"ஸ்தோத்திரம் சொல்றேன்."

"வெதச்சது நானு. நாத்து நட்டது எங்கக்கா. அறுத்தது இந்தத் தெரு மொத்தமும். இவரு எந்த வயல்ல நின்னாரு?"

"தண்ணி குடுத்தாருல்ல?"

"தண்ணி மேட்டூர்லேர்ந்து வருது. தொறந்துவிட்டது சர்க்காரு."

"மேட்டூருக்கு எங்கேர்ந்து வருதாம்?"

அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். "சாப்புடு புள்ள, ஆறிடப்போவுது" என்றார். எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் ஏறக்குறைய இந்தத் தடத்திலேயே ஓடியது.

ஊரில் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வயல். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரே மிராசுதார். எங்கள் குடிசைக்கு மூங்கிலும் கீற்றும் நாங்கள் போட்டது. அது நின்ற மண் பண்ணையுடையது. ஆக நாங்கள் ஆகாயத்தில் குடியிருந்தோம் என்றுகூடச் சொல்லலாம். கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். பண்ணைப் படிக்கு மட்டும் ஒரு விசேஷ குணம் உண்டு. வாங்கும்போது பெரிதாகவும் கொடுக்கும்போது சிறிதாகவும் இருக்கும்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஏழைகளின் ஆட்சி வந்துவிட்டது என்று சீர்காழியில் மைக் கட்டிச் சொன்னார்கள். அதுவரை கதர் கட்டிய எங்கள் மிராசுதார் கரை போட்ட வேட்டிக்கு மாறிக்கொண்டார். புரட்சி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது அந்த வேட்டிக்கரை வரைக்கும்தான். ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகச் சொல்லி ஜெயித்தவர்கள் ராஜ்யத்தில், சங்கம் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதல். அதற்கே பண்ணை வீட்டில் பூகம்பம் வந்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு வராது. அதற்கு முந்தின வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தெருப் பிள்ளைகள் புதுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் திரிந்தபோது தெற்கேயிருந்து செய்தி வந்தது. இதே கூலிச் சண்டையில், ஒரு ஊரில் பெண்களும் பிள்ளைகளும் ஓடி ஒளிந்த குடிசையை வெளியே பூட்டிக் கொளுத்திவிட்டார்கள். அதுவும் அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரியே. நாங்கள் பாடிக்கொண்டிருந்த நேரம். என் கணவர் என்னிடம் அன்றைக்கு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவில்லை.

மறுவருஷம் சம்பா அறுப்பு நெருங்கியது. எங்களுக்கு அப்போது ஏழு மாதப் பெண் குழந்தை. அரைப்படி தராவிட்டால் அறுப்புக்கு இறங்குவதில்லை என்று சங்கத்தில் முடிவானது. முடிவான கொஞ்ச நாளில் விடிகாலையில் போலீஸ் லாரி வந்து ஆண்களை எல்லாம் ஏற்றியது. அமைதிக்குப் பங்கம் வரக்கூடுமாம். எங்கள் பக்கத்தில் நெல் முற்றும்போதெல்லாம் அமைதிக்குப் பங்கம் வரும், அது ஒரு பருவக் கோளாறு.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "புள்ளைக்கு சளி கட்டியிருக்கு, பாத்துக்க. பயப்படாத."

"நீங்க?"

"நான் என்ன, சர்க்கார் சோறு திங்கப் போறேன். நீ ஜெபம் கிபம் பண்ணு. பொழுது போவும்."

லாரி போனதும் உபதேசியார் வந்தார். எங்கள் சிறு சபைக்கு அவர்தான் எல்லாம். மணி அடிப்பார், பாட்டு ஆரம்பிப்பார், கோயிலைப் பெருக்குவார். பெண்டாட்டி இறந்து தனியாக இருந்த ஒல்லி மனிதர், வெயில் இல்லாவிட்டாலும் குடை பிடிப்பார். வீடு வீடாக ஏறி ஜெபம் செய்தார். எல்லா வீட்டுக்கும் ஒரே ஜெபம். பக்கத்து வீட்டில் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டதால், எங்கள் வீட்டில் ஆமென் எங்கே வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

"தாயே, கர்த்தர் பெலன் தருவார்" என்றார்.

"அரிசி எதாவது தருவாரா?"

அவர் குடையை மடக்கி விரித்தார். "பெலன் தருவார்" என்றார் மறுபடியும். கையில் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து போதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பொறுமையைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தார். கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் புருஷனை ஜெயிலுக்கு அனுப்பிய பெண்கள். எங்களைவிடப் பொறுமையில் பயிற்சி பெற்றவர்கள் அந்த ஜில்லாவில் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் போதகர் விடவில்லை. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதைப் பற்றியும் ஒரு பாகம் சேர்த்துக்கொண்டார். பிறகு பண்ணை வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். அங்கே யாருக்கும் பொறுமையைப் பற்றிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

மறுநாள் பண்ணையின் காரியக்காரர் சைக்கிளில் தெருமுனைக்கு வந்து நின்றார். வயலைப் பார்த்துக்கொள்வது, ஆளைக் கூப்பிடுவது, திட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"பழைய கூலிக்கு வர்றவங்க அரிவாள எடுத்துக்கிட்டு வாங்க. வராதவங்க மனைய காலி பண்ணுங்க" என்று கத்தினார்.

பக்கத்து வீட்டு அக்காதான் பதில் சொன்னாள். அவள் புருஷனும் அந்த லாரியில் போனவர். அக்கா கும்பிடாத சாமி கிடையாது. ஊர்க் காளியம்மனுக்கு விளக்கு போடுவாள், வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடப்பாள், நாகூருக்கும் போய் வருவாள். எல்லா வீட்டுக் கதவையும் தட்டி வைத்தால் யார் இருக்கிறார்களோ அவர்கள் திறக்கட்டும் என்பது அவள் கட்சி.

"காலி பண்ணிட்டு எங்கய்யா போறது? நீங்களே ஒரு எடத்த சொல்லுங்க, மூட்டைய கட்டிட்டு வந்துடுறோம்" என்றாள்.

காரியக்காரரிடம் இடம் எதுவும் இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பதிலாக ஒரு லாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. தெற்கே வானம் பார்த்த சீமையிலிருந்து அறுப்பு ஆட்களைக் கூட்டி வருகிறார்களாம், போலீஸ் காவலோடு. அவர்கள் அறுத்து முடித்துவிட்டால் எங்கள் ஆண்கள் ஜெயிலில் இருந்ததும், நாங்கள் இங்கே கஞ்சித் தண்ணியைக் குடித்துக்கொண்டு கிடந்ததும் வீண். பெண்கள் போய் வயலுக்குப் போகும் வரப்பில் நிற்பது என்று தீர்மானமாயிற்று. யார் தீர்மானித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இல்லை, அது நிச்சயம்.

எனக்குச் சண்டை பழக்கமில்லை. போர்டிங்கில் வரிசையில் நிற்கத்தான் பழக்கியிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் ஒளிந்து நின்றேன். இரண்டு பக்கமும் சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. நடுவில் ஒற்றையடி வரப்பு. லாரி மேற்கே வந்து நிற்கும் என்று எல்லோரும் மேற்கைப் பார்த்து நின்றோம். லாரி கிழக்கே வந்து நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். கடைசியில் ஒளிந்திருந்த நான் முதல் ஆளாகிவிட்டேன். தலைவர்கள் உருவாவதைப் பற்றிப் பிற்பாடு மேடையில் பெரிதாகப் பேசினார்கள். நான் உருவானது இப்படித்தான்.

முன்னால் இன்ஸ்பெக்டர், லத்தியோடு சில போலீஸ்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் கருக்கரிவாளோடு வெளியூர் ஆட்கள். எல்லாருக்கும் பின்னால் காரியக்காரர். வரப்பில் நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு அந்தப் பூட்டிய குடிசைதான் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து வயிற்றில் எதுவும் இல்லை. அப்போதுதான் ஜெபித்தேன். கர்த்தாவே, பெலன் தாரும் என்றேன். எதிர்த்து நிற்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஓடுவதற்குத்தான் கேட்டேன்.

கேட்ட மாத்திரத்தில் என் முழங்கால் இரண்டும் மடங்கின. வரப்பின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தை முழித்துக்கொண்டு வீறிட்டது. வேறு வழி தெரியாமல் முந்தானையை இழுத்து மூடிப் பால் கொடுக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கு என் முழங்கால் நிலவரம் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம், போலீஸ் வரும்போது நான் உட்கார்ந்ததுதான்.

"ஏய், உக்காந்துட்டா பாரு! உக்காருங்கடி எல்லாரும்!" என்று கத்தினாள்.

வரப்பு முழுக்க உட்கார்ந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் என் முன்னால் வந்து நின்றார். "எந்திரிம்மா" என்றார்.

"எந்திரிக்க முடியலங்க."

"முடியாதுன்னா என்னா அர்த்தம்?"

"முடியலன்னு அர்த்தம்ங்க."

பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு கொள்கைப் பிரகடனம் என்று நினைத்துவிட்டார்கள். சத்தியமாக நான் உடல்நிலையைத்தான் சொன்னேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண் போலீஸ் கிடையாது. பால் கொடுக்கிறவளைத் தொட்டுத் தூக்க அந்த ஆண்களுக்குக் கூச்சம். கடைசியில் இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, "சுத்திப் போங்கய்யா, வயல்ல எறங்கி!" என்று கையைக் காட்டினார்.

உடனே பின்னாலிருந்து காரியக்காரர் அலறினார்: "ஐயா! ஐயா! பயிர மிதிக்காதீங்க! முத்துன கதிரு, கொட்டிடும்!"

அவர் குரலில் அவ்வளவு இரக்கத்தை நாங்கள் அதற்குமுன் கேட்டதில்லை. பண்ணையாட்களை யார் மிதித்தாலும் அவர் வாய் திறந்தவரில்லை. ஆக வரப்பில் நான், வயலில் நெல். போலீஸ் எங்கேயும் போக முடியாமல் நின்றது.

அப்போது அறுப்பு ஆட்களில் நடுவயதுக்காரி ஒருத்தி போலீஸ்காரர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கறுத்து, வெயிலில் வற்றிப்போன முகம். குனிந்து முந்தானைக்குள் பார்த்தாள்.

"எத்தன மாசம்?"

"ஏழு."

"பால் இருக்கா?"

"இல்ல. சும்மாதான் சப்புது."

அவள் நிமிர்ந்து அக்காவிடம் கூலி விவரம் கேட்டாள். அக்கா சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள். "எங்களுக்கு அதுலயும் கொறச்சுதான் பேசியிருக்கான்" என்றாள். பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "பால் குடிக்கிற புள்ளயத் தாண்டிப் போயி நான் அரிவாளப் போட மாட்டேன். நீங்க போறதுன்னா போங்க" என்று சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியிலிருந்து நீராகாரம் ஊற்றி என் வாயில் வைத்தாள். அவள் ஆட்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக லாரிப் பக்கம் திரும்பி நடந்தார்கள். அவளைப் பிறகு நான் பார்க்கவே இல்லை. பேர்கூடக் கேட்காமல் விட்டேன்.

நெல் காத்திருக்காது. முற்றிய கதிர் காற்றடிக்கும்போதெல்லாம் உதிர்ந்தது. கர்த்தர் மிராசுதார் மனதைத் தொட்டுவிட்டார் என்று உபதேசியார் சொன்னார். தொட்டது உதிர்ந்த நெல். எப்படியோ, தாலுகா ஆபீசில் தாசில்தாரை வைத்துப் பேசி அரைப்படிக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆண்கள் விடுதலையாகி வந்தார்கள்.

சங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டு என்னை மேடையில் ஏற்றி வீரப் பெண்மணி என்றார்கள். நான் மைக்கில், "எனக்கு முழங்கால் மடங்கிடுச்சுங்க, அதான்" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று கை தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார் என்னை எழுப்பி நிறுத்தி, கர்த்தர் கொடுத்த பெலத்தைச் சாட்சி சொல்லச் சொன்னார். அங்கேயும் அதையே சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பலவீனத்திலேதான் கர்த்தருடைய பெலன் விளங்கும் என்ற வசனத்தை அவசரமாகத் தேடி எடுத்துச் சமாளித்தார். உண்மையைச் சொன்னதில் இரண்டு கட்சிக்கும் திருப்தி இல்லை.

வீட்டில் மட்டும் அதைக் கேட்டு ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப உங்க ஆளு சும்மாதான் நின்னிருக்காரு" என்றார் என் கணவர்.

"என் முழங்கால மடக்கினது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"பசி."

"அந்தப் பசிய அனுப்பினது யாரு?"

"மிராசுதாரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்துச் சிரித்து இருமினார். இருமல் நிற்கவில்லை. துண்டை வாயில் வைத்து எடுத்தபோது ரத்தம் இருந்தது.

காசநோய் ஜெயிலில் பிடித்ததா, களத்துத் தூசியில் முன்பே பிடித்ததா என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. தஞ்சாவூருக்கு மேற்கே இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். வரப்பில் உட்கார்ந்த அந்த அரைமணி நேரத்தை எல்லாரும் என் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். அது ஒரு நாள் கூத்து. வேடிக்கை பார்க்கவும், குலவையிடவும், பிற்பாடு கதை சொல்லவும் ஆள் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த வருஷத்துக்கு யாரும் கூட்டம் போடவில்லை.

பண்ணையில் எனக்கு வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அரைப்படி கூடிற்று, எனக்கு மொத்தமும் போயிற்று. வாய்க்காலுக்கு அக்கரையில் வேறு ஊர் வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனேன். வேலை இல்லாத நாளில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஐப்பசி மழையில் கூரை ஒரு பக்கம் சரிந்தது. கீற்று வாங்க வழியில்லை. குழந்தையை அடுப்பு மூலையில் காய்ந்த இடமாகப் பார்த்துக் கிடத்துவேன். எல்லாருமே வந்து சொன்னது ஒன்றுதான்: கர்த்தர் பெலன் தருவார். பெலனுக்கு எங்கள் சபையில் பஞ்சமே இருந்ததில்லை. பஞ்சம் எல்லாம் மற்ற சாமான்களுக்குத்தான்.

ஒரு மத்தியானம், அவருக்கு மருந்து கேட்கவில்லை என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த நாள், வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்குள் போனேன். யாரும் இல்லை. பீடத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கேட்டேன்.

"என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? அவருதான் உங்கள நம்பல. நான் நம்புனேன்ல? எனக்கு எதுக்கு இது? பெலன் பெலன்னு சொல்லி ஏமாத்துறீங்களா? எனக்கு பெலன் வேணாம். நானே தூக்கிக்கிட்டு இருக்க முடியாது. நீங்க வந்து ஒரு பக்கம் புடிங்க. புடிக்க முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் வேற எடத்துல கேட்டுக்குறேன்."

இன்னும் நிறையச் சொன்னேன். போர்டிங்கில் சொல்லிக்கொடுக்காத வார்த்தைகளும் வந்தன. சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பின்வரிசையில் உபதேசியார் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இனி ஒரு வசனம் வரும், அதற்குப் பிறகு நான் இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று நினைத்தேன்.

அவர் வாயைத் திறந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்றார்.

எங்கள் சபை சரித்திரத்தில் உபதேசியார் வசனம் இல்லாமல் வாக்கியத்தை முடித்தது அன்றைக்குத்தான். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் வாசலில் கீற்றுக்கட்டோடு வந்து நின்றார். கோயில் தோட்டத்துத் தென்னைமட்டையை அவரே உட்கார்ந்து பின்னியிருக்கிறார். பின்னல் பார்க்கச் சகிக்கவில்லை. கூரைமேல் ஏறவும் தெரியவில்லை. அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, "எறங்குங்க சாமி, எலும்பு ஒடிஞ்சா அதுக்கும் நாங்கதான் ஜெபம் பண்ணணும்" என்று அவரை இறக்கிவிட்டு, சங்கத்து ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு வந்தாள். கோயில் கீற்று, சங்கத்துக் கை, காளியம்மனைக் கும்பிடுகிறவளின் மேற்பார்வை. சாயங்காலத்துக்குள் கூரை வேய்ந்தாயிற்று. நான் கோயிலில் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித்தான் கேட்டேன். கேட்டபடியே கர்த்தர் பிடித்தார், வேறு வேறு ஆட்களின் கையால். அதை அன்றைக்கே நான் பெரிதாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒழுகவில்லை என்பது மட்டும்தான். நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நான் மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டேன். விடிந்ததும் அன்றைய பொழுதுக்கு மட்டும் கேட்பேன். இன்றைக்கு நடவு முடிகிற வரைக்கும் இடுப்பு தாங்கட்டும். இன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கட்டும். அன்றன்றைக்கு உரியது அன்றன்றைக்கு வந்தது. மிச்சம் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. இந்த விஷயத்தில் கர்த்தரும் பண்ணைப் படியைத்தான் வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். அது கேட்டது. அதற்குள் ஒரு நுரையீரல் அரித்துப்போயிருந்தது, மற்றதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் உயிரோடு திரும்பினார். கனமான வேலை கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊருக்குள் பஸ் வராது. மெயின் ரோட்டில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். கொஞ்சதூரம் நடப்பார், மதகுக் கட்டையில் உட்காருவார். மறுபடி நடப்பார். வெயில் ஏறிவிட்டது. என் கையில் துணிமூட்டையும் மருந்துப் பையும். அவரைத் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தால் நடந்திருப்பேன்.

எதிரே சைக்கிளில் வந்தவர் எங்களைப் பார்த்து இறங்கினார். காரியக்காரர். அப்போது அவர் பண்ணையில் இல்லை. அறுப்பு நின்றதற்கு யார்மேலாவது பழி போட வேண்டுமே, பயிரை மிதிக்காதே என்று கத்திய இவர்மேல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிராசுதாருக்கு வேறு கவலை வந்திருந்தது. நில உச்சவரம்பு என்று சர்க்கார் ஏதோ செய்யப்போகிறது என்று கேள்விப்பட்டு, நிலத்தைச் சொந்தக்காரர்கள், சமையல்காரர், இல்லாத தர்ம ஸ்தாபனம் என்று ஆள் ஆளுக்குப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு தாராள மனசு அவருக்கு இருந்தது ஊரில் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

காரியக்காரர் சைக்கிளை ஊர்ப் பக்கமாகத் திருப்பினார். பிறகு, "கேரியர்ல உக்காருப்பா" என்றார்.

"வேணாம்" என்றார் என் கணவர். வர்க்கப் பிரச்சினை.

"ஏறுங்க" என்றேன் நான்.

"நீ சும்மா இரு புள்ள. இவன் சைக்கிள்ல ஏறி ஊருக்குள்ள போனா ஜனங்க என்ன சொல்லும்?"

"உயிரோட வந்துட்டாருன்னு சொல்லும். ஏறுங்க."

ஏறினார். காரியக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் மூட்டையோடு பின்னால் வந்தேன். பாதி வழியில் என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னா சிரிக்கிற?"

"சிரிக்கல. ஸ்தோத்திரம் பண்றேன்."

"பண்ணு, பண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரியக்காரர் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கும் சேத்துப் பண்ணும்மா, பொண்ணுக்கு வரன் அமையல" என்றார்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று அதற்குப் பிறகு சட்டம் வந்தது. பந்தல் போட்டுப் பட்டா கொடுத்தார்கள். மேடையில் கரைவேட்டிகளுக்கு நடுவில் எங்கள் மிராசுதாரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார், மண்ணைக் கொடுத்த வள்ளல் என்ற முறையில். டவுனிலிருந்து போதகரும் வந்து வாழ்த்திப் பேசினார். எங்களுக்குக் கடைசி வரிசையில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். எனக்குப் பிறகு பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. மகள் படித்து நர்ஸ் ஆனாள்.

என் கணவர் பேத்தியைப் பார்க்கிற வரைக்கும் இருந்தார். கடைசிவரை நம்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. என் நம்பிக்கையே பல நாள் இரவல் மாதிரிதான் இருந்தது, அதில் அவருக்கு எங்கே பங்கு கொடுப்பது? ஆனால் வயல் வேலைக்குப் போக முடியாமல் ஆன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போய்வர வசதியாகச் சோற்றை அவர்தான் வடிப்பார். பிரசங்கம் நீண்டுவிட்டால் சோறு குழைந்துபோகும். வாசலில் நின்றுகொண்டு, "உங்க ஆளுக்கு நேரம் காலமே கிடையாதா?" என்பார். தட்டைப் போட்டு எனக்குத்தான் முதலில் பரிமாறுவார்.